பின்னணி ஏன் மங்கவில்லை? பறவை, விலங்குப் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏரிக்கரைக்கு என்னோடு வருகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு வேஷத்தில் வரும்: "பறவை நன்றாக விழுந்திருக்கிறது, பின்னால் மட்டும் ஏன் இவ்வளவு குப்பை?" சில பதில்களில் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

பெரிய லென்ஸ் வாங்கிவிட்டேன். பின்னணி இன்னும் மங்கவில்லை. லென்ஸில் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு நாம் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: உங்களுக்கும் பறவைக்கும் உள்ள தூரம், பறவைக்கும் அதன் பின்னால் இருப்பதற்கும் உள்ள தூரம், லென்ஸின் திறப்பு எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது. திறப்பின் அகலம் தெரிய வேண்டுமானால் குவியத் தூரத்தை (லென்ஸின் மேல் மி.மீ. என்று எழுதியிருப்பது) எஃப் எண்ணால் (திறப்பைக் கூட்டிக் குறைக்கக் கேமராவில் வைக்கும் எண், எண் சிறிதானால் திறப்பு பெரிது) வகுங்கள். 400 மி.மீ. லென்ஸில் எஃப்/5.6 வைத்தால் ஏறக்குறைய 71 மி.மீ.

இப்போது பச்சைப் பஞ்சுருட்டான் ஒன்று வேலிக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடமிருந்து 10 மீட்டர். அதற்கு 2 மீட்டர் பின்னால் சீமைக் கருவேலம் புதர். புதரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் படத்தில் ஒரு வட்டமாகப் பரவும். அந்த வட்டத்தைப் பறவையின் அளவோடு ஒப்பிட இப்படிக் கணக்குப் போடலாம்: திறப்பின் அகலத்தைப் பறவைக்கும் புதருக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, கேமராவுக்கும் புதருக்கும் உள்ள மொத்தத் தூரத்தால் வகுக்க வேண்டும். 71 பெருக்கல் 2, வகுத்தல் 12. விடை 12 மி.மீ. கருவேல மரச் சுள்ளியும் கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான். அதனால் சுள்ளி கரையாமல் சுள்ளியாகவே தெரிகிறது.

அதே இடத்திலிருந்து நாலு எட்டு பக்கவாட்டில் நடங்கள். பறவைக்குப் பின்னால் இப்போது புதர் இல்லை, 20 மீட்டர் தள்ளி வயல் வரப்பு இருக்கிறது. 71 பெருக்கல் 20, வகுத்தல் 30. வட்டம் 47 மி.மீ. ஆகிவிட்டது. அதே லென்ஸ், அதே எஃப் எண், நான்கு மடங்கு மங்கல். பஞ்சுருட்டானே வாலின் கம்பிகளைச் சேர்க்காமல் ஒரு சாண் இருக்காது. அதன் பக்கத்தில் 47 மி.மீ. வட்டம் என்றால் வரப்பில் இருக்கும் செடி கொடி எல்லாம் பச்சைப் பூச்சாகக் கரைந்துவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தத் தூரப் பின்னணியை வைத்துக்கொண்டு எஃப்/8க்குப் போனாலும் வட்டம் 33 மி.மீ. வரும். புதரை ஒட்டி நின்று எஃப்/5.6இல் எடுத்ததைவிட இது அதிகம். எஃப் எண்ணைத் திருகுவதற்கு முன்னால் காலை நகர்த்துங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

பஞ்சுருட்டான் பழகுவதற்கு அருமையான பறவை. பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய கம்பிக்கே திரும்பும். ஆகவே அது பறந்து போன நேரத்தில் நல்ல பின்னணி உள்ள கோணத்தில் போய் நின்றுகொண்டு, அது வரட்டும் என்று காத்திருக்கலாம்.

அப்படியானால் லட்சக்கணக்கில் விலை போகும் லென்ஸ்கள் வீணா?

இல்லை. 600 மி.மீ. எஃப்/4 லென்ஸின் திறப்பு 150 மி.மீ. நம்முடைய 71க்கு இரண்டு மடங்குக்கும் மேல். பின்னணி நெருக்கமாக இருக்கும் இடத்திலும் அது காப்பாற்றும், வெளிச்சம் குறைந்த காட்டிலும் கைகொடுக்கும். பலரிடம் இருக்கும் 600 மி.மீ. எஃப்/6.3 ஜூமில் 95 மி.மீ., அதுவும் மோசமில்லை. ஆனால் 12 மி.மீ. தரும் இடத்தில் நின்றுகொண்டு பெரிய லென்ஸைப் போட்டால் 25 மி.மீ. கிடைக்கும். நாலு எட்டு நடந்தவருக்கோ காசு செலவில்லாமல் 47. பை கனமானால் நடக்கவும் மனசு வராது, அது வேறு கதை.

சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) சிறியதாக இருந்தால் மங்கல் குறையுமா?

ஒரே லென்ஸ், ஒரே எஃப் எண், ஒரே இடம் என்றால் பறவையின் அளவுக்கும் மங்கல் வட்டத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. சிறிய சென்சார் அந்தக் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பறவை ஃபிரேமை நிறைத்துவிடுகிறதே என்று நீங்கள் பின்னால் நகர்ந்தால் மங்கல் குறையும். குறை சொல்வதானால் அந்தப் பின்னடியைத்தான் சொல்ல வேண்டும்.

எஃப் எண்ணை எப்போதும் முழுக்கத் திறந்தே வைக்கலாமா?

10 மீட்டர் தூரத்தில் 400 மி.மீ., எஃப்/5.6 என்றால் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 20 செ.மீ. அதுவே 5 மீட்டரில் 5 செ.மீ.தான். மஞ்சள்மூக்கு நாரை உங்களை நேராகப் பார்க்கும்போது கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அலகின் நுனி கலங்கிப் போகும். அது பரவாயில்லை, கண் கூர்மையாக இருந்தால் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். அலகு கூர்மையாக இருந்து கண் கலங்கினால்தான் மன்னிப்பே கிடையாது.

இரண்டு விலங்குகள் முன்பின்னாக நின்றால், பின்னணி தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எஃப்/8 அல்லது எஃப்/11 வைக்கலாம். இல்லையென்றால் இரண்டும் ஒரே கோட்டில் வரும்வரை காத்திருப்பதுதான் வழி.

தரையில் படுத்துத்தான் எடுக்க வேண்டுமா? முட்டி வலிக்கிறது.

வலிக்கும். ஆனால் தரையில் நிற்கும் சிறிய பறவைக்கு இதைப்போல மாற்றம் தரும் வேறு வித்தை எனக்குத் தெரியாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நீங்கள் நின்றுகொண்டு எடுக்கும்போது லென்ஸ் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டர் தள்ளி 20 செ.மீ. உயரமுள்ள ஒரு உள்ளான் சேற்றில் நிற்கிறது. லென்ஸிலிருந்து அதன் தலைக்கு மேலாக ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு பறவைக்கு ஒன்றரை மீட்டர் பின்னாலேயே தரையைத் தொட்டுவிடும். அந்தச் சேறும் கூழாங்கல்லும்தான் உங்கள் பின்னணி. அவை மங்குவதற்குத் தூரமே இல்லை. லென்ஸை 30 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் அதே கோடு 20 மீட்டர் பின்னால் போய்த்தான் தரையைத் தொடும். 20 செ.மீ.க்கே இறக்கிவிட்டால் தரையை எங்கும் தொடாது. பின்னணி என்பது எதிர்க்கரையோ வானமோதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சமதரையில் பறவையின் தலைக்குப் பின்னால் வரும் மங்கலைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தூரம் அடிபட்டுப் போய்விடுகிறது. விலங்கின் உயரத்தை லென்ஸின் உயரத்தால் வகுத்து, திறப்பின் அகலத்தால் பெருக்கினால் வட்டத்தின் அளவு வந்துவிடும். நின்று எடுத்தால் 71இல் ஏழரையில் ஒரு பங்கு, அதாவது 9 மி.மீ. சொச்சம். படுத்து எடுத்தால் 47. நின்றுகொண்டே பறவையை நோக்கி அடி அடியாக நெருங்குவதால் பறவை பெரிதாகுமே தவிர, அதன் தலைக்குப் பின்னால் உள்ள தரை அதன் அளவோடு ஒப்பிட்டால் கொஞ்சமும் கூடுதலாக மங்காது. பறவை பறந்து போவதுதான் மிச்சம்.

படுக்க முடியாதவர்கள் குறுமுக்காலியில் உட்கார்ந்து, திரை சாயும் கேமராவானால் கேமராவை மட்டும் தரையோடு வைத்து மேலிருந்து பார்த்து எடுக்கலாம். பழைய சாக்கு ஒன்று, தண்ணீர் புகாத விரிப்பு ஒன்று வண்டியில் கிடக்கட்டும். கோடியக்கரை போன்ற சேற்று நிலத்தில் இவை இல்லாமல் படுத்தால் அன்று மாலைவரை உப்புச் சேறோடு அலைய வேண்டியதுதான். நான் அலைந்திருக்கிறேன்.

சஃபாரி வண்டியிலிருந்து இறங்கவே முடியாதே? அங்கே என்ன செய்வது?

முதுமலையில் வனத்துறை வண்டியில் போனால் இறங்கக் கூடாது, இறங்கவும் வேண்டாம். மேலே சொன்ன கணக்கையே இங்கேயும் போட்டுப் பாருங்கள். லென்ஸ் 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 90 செ.மீ. உயரப் புள்ளிமானுக்கு அதே 71 மி.மீ. திறப்பில் 32 மி.மீ. வட்டம் கிடைக்கிறது, தாராளம். ஒன்றே முக்கால் மீட்டர் உயரம் நிற்கும் காட்டெருமைக்கு 60ஐத் தாண்டும். பெரிய விலங்குகளுக்கு வண்டியின் உயரம் அவ்வளவு இடைஞ்சல் இல்லை. காலடித் தரை கூர்மையாக விழும், அது விழத்தான் வேண்டும். கீரி, காட்டுக்கோழி மாதிரியானவைதான் சிக்கல். அவை மேட்டிலோ புற்றின் மேலோ ஏறினால் எடுங்கள், இல்லையென்றால் கண்ணால் பார்த்து மகிழுங்கள்.

நிலம் நமக்காக வேலை செய்யும் இடங்களும் உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடுகள் சாலையோரப் பாறைகளுக்கு வருவதுண்டு. ஆடு பாறை விளிம்பில் நிற்க, பின்னால் பள்ளத்தாக்கு பல நூறு மீட்டர் தள்ளிக் கிடக்கும். அங்கே எந்த லென்ஸும் நல்ல லென்ஸ்தான். வண்டிகள் வளைந்து வரும் இடம் என்பதால் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னால் நடக்காதீர்கள்.

வேடந்தாங்கலில் மரம் முழுக்கப் பறவை. படத்தில் ஒரே கூட்டமாக, எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

எல்லோருக்கும் முதல் தடவை அப்படித்தான். நானும் 600 படம் எடுத்து வந்து 4 மட்டும் வைத்துக்கொண்டேன். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் என்று அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கும்போது, நடுமரத்தில் இருக்கும் எந்தப் பறவையையும் தனியாகப் பிரிக்க முடியாது. பறவைக்கு அரை மீட்டர் பின்னால் இன்னொரு பறவை, எச்சம் படிந்த கிளை, வெள்ளை இலை.

மரத்தின் ஓரக்கிளைகளைப் பாருங்கள். விளிம்பில் உட்கார்ந்திருப்பவைக்குப் பின்னால் நீரோ வானமோ தூரத்து மரவரிசையோ இருக்கும். அல்லது, குச்சி பொறுக்கிக்கொண்டு திரும்பி வரும் நாரைக்காகக் காத்திருங்கள். கூட்டை நெருங்கும்போது சிறகை விரித்துக் காலை நீட்டி வேகத்தைக் குறைக்கும். அந்த நேரத்தில் அதற்குப் பின்னால் மரம் இருக்காது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/2000 நொடிக்கு மேல் போக வேண்டாம். கூழைக்கடா மெதுவாகச் சிறகடிப்பது போலத் தெரிந்தாலும் சிறகின் நுனி வேகமாகத்தான் நகர்கிறது.

கூட்டத்தையே படமாக்கவும் செய்யலாம். அப்போது மங்கலை மறந்துவிட்டு எஃப்/11 வைத்து, மரம் முழுவதையும் ஒரு குடியிருப்பு மாதிரி எடுங்கள். ஒரு பறவையாவது எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மங்கலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கண்ணை உறுத்துகிறது. ஏன்?

மங்கலின் அளவைப்போலவே அதன் வெளிச்சமும் முக்கியம். இலை இடுக்கு வழியாக வானம் எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டையும் பளபளக்கும் வட்டமாகும். ஃபிரேமின் ஓரங்களில் அது பூனைக்கண் வடிவத்தில் நசுங்கியிருக்கும். வால்பாறை சோலைமந்திகளை (சிங்கவால் குரங்குகளை) அண்ணாந்து எடுத்த படங்களில் இதுதான் தொல்லை: கறுப்பு முகம், பின்னால் நூறு விளக்கு. மந்தி தாழ்வான கிளைக்கு வரும்வரை பொறுத்தால், பின்னால் வானத்துக்குப் பதில் தேயிலைச் சரிவு கிடைக்கும்.

எனக்குப் பிடித்த பின்னணி நிழல்தான். விலங்கின் மேல் வெயில், பின்னால் நிழலில் இருக்கும் மரக்கூட்டம். அதில் குப்பை இருந்தாலும் கறுப்பாகி அடங்கிவிடும். காலையில் முதல் ஒரு மணி நேரமும் மாலையில் கடைசி ஒரு மணி நேரமும் இந்த அமைப்பு அடிக்கடி கிடைக்கும். உச்சி வெயிலில் காய்ந்த புல்லும் கொக்கும் ஒரே வெளுப்பு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

வெள்ளைக் கொக்கு மட்டும் எப்போதும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடுகிறதே?

பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா மொத்தக் காட்சியையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (கேமரா கணித்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பில்) மைனஸ் 1 வைத்துத் தொடங்குங்கள், இறகின் வரிகள் தெரிகின்றனவா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கொக்கே ஃபிரேமை நிறைத்தால் நிலைமை தலைகீழ், கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். அப்போது பிளஸ் பக்கம் போக வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு விதியைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமா?

ஃபிரேமை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் விதி அது. தொடக்கத்தில் உதவும். அது சொல்லாத சிலவற்றை நான் அதிகம் பார்ப்பேன்.

விலங்கு பார்க்கும் திசையில் இடம் விடுவது ஒன்று. மூக்கு ஃபிரேமின் விளிம்பில் இடித்தால் பார்ப்பவருக்கு மூச்சுத் திணறும். வாலையும் காலையும் அரைகுறையாக வெட்டாதீர்கள். ஒன்று முழுதாக விடுங்கள், இல்லையென்றால் துணிந்து கழுத்துவரை நெருங்கிவிடுங்கள். மயிலின் தோகை நுனியில் நாலு விரல் வெட்டுப்பட்ட படங்களை நான் மட்டுமே ஒரு வண்டி வைத்திருக்கிறேன். நீரில் நிழல் விழுந்தால் நிழலின் அலகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பறவை நடுவில் வந்தாலும் வரட்டும்.

அப்புறம் தலைக்குப் பின்னால் பாருங்கள். கரை, அடிவானம், மின்கம்பி எதுவாக இருந்தாலும் அந்தக் கோடு கழுத்தை அறுக்கக் கூடாது. அரை முழம் குனிந்தாலோ நிமிர்ந்தாலோ கோடு தலைக்கு மேலோ தோளுக்குக் கீழோ போய்விடும். புள்ளிமான் தலையில் மூன்றாவது கொம்பாக முளைத்து நிற்கும் கிளையையும் இப்படித்தான் அகற்ற வேண்டும். எடுக்கும்போது கண் விலங்கிலேயே ஒட்டிக்கொள்வதால் இது தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். முதல் நாலு படம் எடுத்ததும் ஃபிரேமின் நான்கு விளிம்புகளையும் ஒரு சுற்றுப் பார்க்கப் பழகுங்கள்.

முன்னால் புல் மறைக்கிறது. பிடுங்கிவிடலாமா?

வேண்டாம். அதை லென்ஸுக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். 10 மீட்டரில் இருக்கும் விலங்கை எடுக்கும்போது, லென்ஸிலிருந்து அரை மீட்டரில் உள்ள ஒரு புல்லின் ஒவ்வொரு புள்ளியும் விலங்கு நிற்கும் இடத்தில் ஒரு மீட்டருக்கும் மேல் அகன்ற வட்டமாகப் பரவிவிடும். புல் என்று தெரியாது, படத்தின் கீழ்ப்பகுதியில் பச்சை மூட்டமாக மட்டும் நிற்கும். சில படங்களுக்கு அந்த மூட்டமே அழகு. விலங்குக்கு ஒரு சாண் முன்னால் நிற்கும் புல்தான் கூர்மையாக விழுந்து முகத்தில் கோடு போடும்.

வண்டலூர் உயிரியல் பூங்காவில் கம்பி வலைக்குப் பின்னால் இருப்பவற்றை எடுப்பதும் இதே கணக்குதான். தடுப்புக்கு வெளியிலிருந்தே முடிந்தவரை வலைக்கு அருகில் நின்று, விலங்கு வலையிலிருந்து தள்ளி இருக்கும்போது எடுங்கள். வெயில் படாத பகுதி வலையாகப் பாருங்கள், பட்டால் படம் முழுக்க வெண்புகை படியும்.

கணினியில் பின்னணியை மங்கவைத்தால் என்ன? கைபேசியே செய்கிறதே?

உங்கள் வீட்டுச் சுவருக்கு என்றால் உங்கள் இஷ்டம். இறகின் பிசிறுகளிலும் மீசை முடியிலும் அது அடிக்கடி தடுமாறும். பறவை உட்கார்ந்த கிளையே பாதி மங்கி, பறவை அந்தரத்தில் தொங்கும். போட்டிக்கு அனுப்புவதானால் விதிமுறையை முதலில் படியுங்கள், இயற்கைப் படப் போட்டிகள் பலவற்றில் இதற்கு இடமில்லை.

எல்லாப் படத்திலும் பின்னணி மங்கித்தான் இருக்க வேண்டுமா?

இல்லவே இல்லை. இந்தப் பக்கம் முழுக்க மங்கலைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) பல பதிற்றாண்டுகள் காட்டில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட ஒரு கருவிக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய யானைப் படங்களில் மூங்கிலும் மரமும் யானைக்குச் சமமாக நிற்கும். அந்த யானை எந்த மாதிரிக் காட்டில் எதைத் தின்று வாழ்ந்தது என்று இன்றைக்கும் படத்தைப் பார்த்துச் சொல்லலாம். வழவழப்பான பச்சைத் திரைக்கு முன்னால் நிற்கும் என்னுடைய யானை முதுமலையில் இருந்ததா வேறெங்காவது இருந்ததா என்று எனக்கே கோப்பின் பெயரைப் பார்த்தால்தான் தெரிகிறது.

பள்ளிக்கரணையில் பூநாரைகளுக்குப் பின்னால் அடுக்குமாடிகள் தெரிகின்றன. பலர் அவற்றை மறைக்கப் படாத பாடு படுகிறார்கள். 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில்) சேர்ந்த சதுப்பு நிலம் ஒரு பெருநகரத்துக்குள் நெருக்கப்பட்டுக் கிடக்கிறது என்பதே செய்தி என்றால், எஃப்/11 வைத்துக் கட்டடங்களின் ஜன்னல்வரை தெரிய எடுங்கள்.

நல்ல பின்னணிக்காகக் கூட்டை மறைக்கும் இலைகளை ஒதுக்கலாமா?

கூடாது. அந்த இலை வெயிலையும் காகத்தையும் தடுப்பதற்காகத் தாய்ப்பறவை பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கிளையை வளைத்துக் கட்டிப் படமெடுத்துவிட்டு அவிழ்க்க மறந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் நெருங்கும்போது பறவை இரை தின்பதை நிறுத்தினாலோ, கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தாலோ அதற்கு மேல் ஓர் அடி வைக்காதீர்கள். கூட்டில் இருக்கும் பறவையானால் அந்த நிலைமை வருவதற்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

காட்டுக்குப் போக வாய்ப்பில்லை. எங்கே பழகுவது?

மொட்டைமாடியில். கைப்பிடிச் சுவரில் காகம் வந்து உட்காரும் இடத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் நின்று பார்த்தால் பின்னால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, இரண்டடி தள்ளினால் தூரத்துத் தென்னை, குனிந்தால் வானம். மூன்றையும் ஒரே எஃப் எண்ணில் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். கறுப்பு உடம்பில் கண் தெரிய வைப்பது புலியை எடுப்பதைவிடக் கஷ்டம், அதனால் பிளஸ் அரையில் தொடங்குங்கள்.